மயங்க வைத்த மாஸ்டர் வாழ்க!

புதுச்சேரியில் ஆளை மயக்குவதற்கு ஏற்பாடுகள் ஏராளம். சனிக்கிழமை சாயங்காலம் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி வருவதே அதற்காகத்தான். ஆனால் அந்த மயக்கத்தில் ஒரு குறை உண்டு. வாங்க வேண்டும், ஊற்ற வேண்டும், குடிக்க வேண்டும், அப்புறம்தான் தலை சுற்றும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், விடியற்காலை ஐந்தரை மணிக்கே, வாட்டசாட்டமான பையன்களைச் சுவரைப் பிடித்து நடக்க வைக்கிற வித்தை எங்கள் நெல்லித்தோப்பில் ஒருவருக்குத்தான் கைவந்திருக்கிறது. மாஸ்டர், அது நீங்கள்தான்.

உங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் ஜிம்முக்கு எதிர்ச்சாரியில் உள்ள டீக்கடை பெஞ்சு காலை நேரத்தில் என் வசம். மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்க வரும் வண்டிகளின் சத்தம், மாதா கோயில் மணி, உங்கள் ஸ்பீக்கரின் இடி எல்லாம் ஒன்றாகக் காதில் விழுகிற நேரம் அது. அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் முதல் காரியம், பையன்கள் சிந்தப்போகும் வேர்வை வீணாகக் காய்ந்துவிடக் கூடாதே என்று ஷட்டரைப் பாதி இறக்குவது. இருக்கிற ஒற்றை ஃபேனையும் ஒன்றில் வைப்பீர்கள். கடலோர ஊரில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. உடம்பில் வடியும் வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும், வெறுமனே சொட்டினால் குளிராது என்பதெல்லாம் புத்தகக்காரர்களின் கவலை. தரையில் சொட்டிக் கிடக்கும் வேர்வையைக் காட்டி, "பாருடா, கொழுப்பு உருகி ஓடுது" என்று சொல்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

மற்ற ஊர் மாஸ்டர்கள் இன்னும் பழைய முறையில் கிடந்து அல்லாடுகிறார்கள். டேப் வைத்து மார்பளவு எடுப்பது, நாடி பார்ப்பது, போன வாரம் எத்தனை கிலோ, இந்த வாரம் எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதுவது. எழுத்து வேலையே இல்லாத அளவுகோல் உங்களுடையது.

"கண்ணு கட்டுச்சா?"

"ஆமா மாஸ்டர்."

"அப்ப செட்டு சரியாப் போயிருக்கு."

கண் கட்டாதவன் ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். அவனுக்கு இன்னொரு பத்து. வாந்தி எடுத்தவனுக்கு ஒட்டுமொத்த பேட்ச்சும் கைதட்டும். இவ்வளவு எளிமையான தேர்வு முறையை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுபிடிக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் உங்கள் புகழ் உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் அன்றைக்கு லெக் டே. அப்படி ஒரு வியாழக்கிழமை, ஷட்டருக்கு மிக அருகில் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். காலேஜ் படிக்கிற பையன். கடைசி செட் ஸ்குவாட்டை முடித்துக் கம்பியை ஸ்டாண்டில் மாட்டினான். மாட்டிய கையை எடுக்காமல் அப்படியே நின்றான். முதலில் ஒரு கொட்டாவி. பிறகு இன்னொன்று. மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்வை. ஓட்டத்தில் வரும் வேர்வை இல்லை, சில்லென்று வருகிற வேர்வை. உதட்டில் நிறம் போய்விட்டது. "மாஸ்டர், காதுல கொய்ங்னு கேக்குது" என்றான். "கேக்கட்டும், இப்பதான் உள்ள வேலை நடக்குது. உக்காராத, நில்லு!" என்றீர்கள். நின்றான், மூன்று எண்ணும்வரை.

அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அவன் உடம்பில் நடந்ததைச் சொன்னால் உங்கள் பெருமை கூடுமே தவிரக் குறையாது. சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. கடுமையான பயிற்சியில் அது 20 லிட்டரைத் தாண்டும். அதில் ஐந்தில் நாலு பங்கு வேலை செய்கிற தசைகளுக்கே போய்விடும். தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள ரத்தக்குழாய்கள் அகலத் திறந்து கிடக்கும். அப்படி இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது இதயம் மட்டுமல்ல. கால் தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் அடிபம்பு அடித்ததுபோல் ரத்தம் மேலே ஏறுகிறது. அடிப்பதை நிறுத்திவிட்டு ஆணி அடித்தாற்போல் நின்றால் ஏறுவதும் நின்றுபோகும். ரத்தம் காலிலேயே தங்கிவிடும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், மூளைக்குப் போவதும் குறையும். கண் இருட்டும், காது அடைக்கும், முழங்கால் மடங்கும். இந்த இடத்தில் உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்துகொள்ளப் பார்க்கிறது. தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதற்காகக் கீழே படுத்துவிடுகிறது.

அதை நீங்கள் அனுமதிக்கவில்லையே, அங்கேதான் உங்கள் மேதைமை. இரண்டு பேரைக் கூப்பிட்டு அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தச் சொன்னீர்கள். பெஞ்சில் நெட்டுக்குத்தாக உட்கார வைத்தீர்கள். முகத்தில் தண்ணீர் அடித்தீர்கள். அன்று காலை அவனுக்குக் கிடைத்த முதல் தண்ணீர் அது. பாதி நினைவில் இருந்தவன் வாயில் கோலி சோடாவை ஊற்றினீர்கள், மூச்சுக்குழாய்க்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்ற பெருந்தன்மையோடு. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் அதே பெஞ்சின் மேல் தூக்கி வைத்திருந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் ஓடியிருக்கும். அவன் பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பான். அதில் என்ன இருக்கிறது பார்க்க? நீங்கள் செய்ததை மூன்று பேர் போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் சினிமாப் பாட்டுடன் ரீல்ஸ் வந்துவிட்டது.

கடைசி செட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிஷம் மெல்ல நடக்கச் சொல்கிற மாஸ்டர்களும் ஊரில் இருக்கிறார்கள். டிரெட்மில்லில் ஓடுகிறவனைப் படிப்படியாக வேகம் குறைத்து இறக்குவார்கள். தரையில் கிடந்து பயிற்சி செய்தவனை முதலில் உட்கார வைத்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் எழுப்புவார்கள். இப்படி நேரத்தை விரயம் செய்தால் அடுத்த பேட்ச் எங்கே நிற்கும்? நீங்கள் சிவப்பு பட்டனை ஓங்கி ஒரு தட்டு தட்டுவீர்கள். பெல்ட் நிற்கும், ஆள் நிற்பான், உலகம் மட்டும் சுற்றும்.

மூச்சு விஷயத்தில் நீங்கள் சர்வதேசத் தரம். "மூச்சப் புடி, புடி, விடாத, விடாதடா" என்று நீங்கள் கத்துவது சிக்னல் வரைக்கும் கேட்கும். மூக்கையும் வாயையும் அடைத்துக்கொண்டு முக்குகிற இந்தச் செய்கைக்கு அந்தோனியோ வல்சால்வா என்கிற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1704-ல் வெளிவந்த தன் நூலில், காதுக்குள் கட்டிய சீழை வெளியேற்ற அவர் இதைச் சொன்னார். காதுக்குச் சொன்னதை டெட்லிஃப்டுக்குக் கொண்டுவந்த பரம்பரையில் வருகிறவர் நீங்கள். 1985-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், தேர்ந்த பாடிபில்டர்கள் ஐந்து பேரின் கைத்தமனியில் ஊசி வைத்து, அவர்கள் பெருஞ்சுமையைக் காலால் தள்ளும்போது ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. நமக்கு 140-க்கு மேல் போனாலே ஊறுகாயை நிறுத்திவிடுகிறோம். அப்படி ஏறிய அழுத்தம், பிடித்த மூச்சை விட்டவுடன் சடாரென்று விழும். கண்ணில் பூச்சி பறப்பது அப்போதுதான். சுமையை இறக்கும்போது மூச்சை உள்ளே, தூக்கும்போது வெளியே என்று சொல்லிக் கொடுத்தால் பாதிப் பூச்சி பறக்காது. ஆனால் அதைச் சொல்ல மெல்லிய குரல் போதும். இந்த வெண்கலக் குரலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

தண்ணீர் பற்றிய உங்கள் சித்தாந்தம் தனி அத்தியாயம். "நடுவுல தண்ணி குடிச்சா தொப்ப வுழும்." இதைக் கேட்டு ஒரு பையன் மூலையில் வைத்த பாட்டிலைப் பையில் ஒளித்துவைத்ததைப் பார்த்தேன். வெக்கையில் கடுமையாக உழைக்கிறவனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குமேல் வேர்வை போகலாம். போவது ரத்தத்திலிருந்துதான். இருக்கிற கொஞ்ச ரத்தத்துக்குத் தசை ஒரு பக்கம் கை நீட்டும், குளிர்விக்கத் தோல் ஒரு பக்கம் கை நீட்டும், மூளைக்கு மிச்சம்தான். இதற்கும் மேலே போய், எடை குறைய வேண்டும் என்று வந்த ஒரு குண்டுப் பையனுக்கு மே மாதத்தில் ரெயின்கோட் மாட்டி மாடிப்படி ஏறி இறங்க விட்டீர்கள். ஒரே காலையில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. மத்தியானம் இரண்டு சொம்பு மோர் குடித்ததும் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. அந்தத் துரோகத்தை மோர் செய்ததே தவிர நீங்கள் செய்யவில்லை.

தண்ணீரை எதிர்ப்பதில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. பாடிபில்டிங் போட்டிக்கு முன்னால் தசை வரிவரியாகத் தெரிவதற்காகத் தண்ணீரை நிறுத்தி, சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் போட்டுக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நம் ஊருக்குப் பழைய உறவான பிரான்ஸ் நாட்டுக்காரர் மோமோ பெனாசிசா, 1992-ல் ஹாலந்தில் நடந்த போட்டியில் முதலாவதாக வந்தார். கோப்பை வாங்கிய சில மணி நேரத்தில் இறந்துபோனார். உங்கள் சுவரில் அவர் காலத்து வீரர்களின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. இவர் படம் மட்டும் இல்லாதது தற்செயலாகத்தான் இருக்கும்.

நியாயமாகப் பேசினால், நேர் எதிர்ப்பக்கத்திலும் சாதனையாளர்கள் இருக்கிறார்கள். தாகம் எடுக்கிறதோ இல்லையோ குடம் குடமாகக் குடி என்கிற கட்சி அது. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்குமேல் குடித்து எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். அந்த வருஷம் அதே ஓட்டத்தில் ஒரு பெண் இறந்தும் போனார். இதை முன்பே அறிந்ததுபோல நம் பாட்டிமார்கள் வெறும் தண்ணீரை நம்பவில்லை. பழைய சோற்று நீராகாரத்தில் உப்பைக் கரைத்துக் கொடுத்து வயலுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஜிம் நடத்தவில்லை. அதனால் விவரம் தெரிந்திருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி, என்பது வயிற்றுப்போக்குக்குச் சொல்லப்பட்ட கணக்கு. வேர்வை கொட்டுகிறவனுக்கும் அது கை கொடுக்கும். செலவு இரண்டு ரூபாய்கூட ஆகாது. உங்கள் கவுன்டரில் விற்கும் நீல நிறத் தண்ணீரின் விலை எவ்வளவு என்பதை வாசகர்களே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தக் கவுன்டரையும் பாராட்டாமல் விட முடியாது. காலையில் வெறும் வயிற்றில் வந்தால்தான் கொழுப்பு கரையும் என்பது உங்கள் கட்டளை. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தின்ற இரண்டு தோசைக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகாததால், விடிவதற்குள் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பில் ஒரு நல்ல பங்கு தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலைமையில் வருகிறவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பது கௌரவக் குறைச்சல். மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஏலக்கிப் பழம் சீப்புச் சீப்பாகத் தொங்குகிறது, அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு பழம் போதும். ஆனால் பழத்துக்கு டப்பா கிடையாது, டப்பாவில் சிங்கம் படம் கிடையாது. ஆகவே ஒரு ஸ்பூன் பிரி வொர்க்அவுட் பவுடர். அதில் பெரும்பாலும் இருப்பது காபித்தூளின் சரக்கான காஃபின். சிலவற்றில் ரத்தக்குழாயை விரிக்கிற சரக்கும் சேரும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபினுக்குமேல் வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை சொல்கிறது. உங்கள் ஸ்பூன் எவ்வளவு பெரியது என்று அந்தத் துறைக்குத் தெரியாது. நெஞ்சு படபடக்க, கை நடுங்க, வெறும் வயிறு கூவ, "மாஸ்டர், செம்ம பம்ப்பு" என்கிறான் பையன். சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிக்கே உரிய முறையில் கழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறவனுக்கோ இரண்டு ஸ்பூன். ராத்திரி போனதைக் காலையில் ஈடுகட்ட வேண்டாமா?

உங்கள் மருத்துவ அறிவைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் பாவம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆரம்பித்த மருத்துவப் பள்ளியிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்குகிற நிறுவனம். அங்கே ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், பிரஷர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ பத்து கேள்வி கேட்பார்கள். நீங்கள் கேள்வியே கேட்பதில்லை. "ஜிம்முக்கு வந்துட்டீங்க இல்ல சார், இனிமே மாத்திரை எதுக்கு?" என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் சொன்னீர்கள். மாத்திரையைத் தொடர்கிற ஆளாக இருந்தால் அதற்கும் உங்களிடம் வழி இருக்கிறது. சில பிரஷர் மாத்திரைகள் போட்டவர் குனிந்து நிமிர்ந்தாலே கிறுகிறுக்கும், அவருக்குக் குனிந்து எழும்பிக் குதிக்கும் பர்பி பயிற்சி. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுத்தவர் சாப்பிடாமல் ஓடினால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும், ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டிய அந்த நேரத்தில் அவருக்கு, "சூப்பர் சார், இதான் சார் எனக்கு வேணும்."

பத்து மணி லேடீஸ் பேட்ச்சிலும் பாரபட்சம் கிடையாது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல். அப்படியானால் உங்கள் முன்னால் வரிசையாக நிற்கிற அக்காமார்களில் எத்தனை பேருக்கு, படி ஏறினாலே மூச்சு வாங்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். யோசிப்பது உங்கள் வேலையா? "தல சுத்துதாக்கா? அது பித்தம். எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க." பித்தத்தின் மேல் பழியைப் போட்டால் ஹீமோகுளோபின் கோபித்துக்கொள்ளாது.

உங்கள் முறைக்கு உலக வரலாற்றிலும் ஆதாரம் கிடைக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தான். இத்தாலியர் டொராண்டோ பியத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவருக்குத் திசை தெரியவில்லை, எதிர்ப்பக்கமாக ஓடினார். திருப்பிவிட்டார்கள், விழுந்தார், தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டருக்கு அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. தூக்கிவிட்ட குற்றத்துக்காகத் தங்கம் பறிபோனது. மறுநாள் அரசி அலெக்சாந்திரா தன் கையால் அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார். மயங்கி விழுந்தால் அரசி கிண்ணம் கொடுப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சுவிட்சர்லாந்துப் பெண் கேப்ரியலா ஆண்டர்சன் ஷீஸ், உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடிக் கடைசிச் சுற்றை முடித்ததை உலகமே பார்த்தது. அங்கே ஒரு சின்ன வித்தியாசம். மருத்துவர்கள் பக்கத்திலேயே நடந்துகொண்டு, அவருக்கு இன்னும் வேர்க்கிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தார்கள். வேர்க்கிறது என்று தெரிந்ததால்தான் முடிக்க விட்டார்கள். நம்மிடம் மருத்துவர் இல்லை, போன் இருக்கிறது.

அரசாங்கங்களும் உங்கள் வழிக்கு வந்துவிட்டன. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு. ஆண்கள் ஒரு மணி நேரத்துக்குள் 10 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. புழுக்கமான ஆகஸ்டில், வேலை கிடைத்தால் போதும் என்று வந்த பிள்ளைகள் ஓடினார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சாராயக்கடையைக் கண்காணிக்கிற வேலைக்கு அந்த ஓட்டம் எதற்கு என்று ஓடியவர்களால் கேட்க முடியாது. உங்களிடம் கேட்க முடியாததைப் போலவே.

நம் ஊர்ச் சொல்தாக்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் பெத்தாங்க் ஆட இறங்குவார்கள். நிழல் பார்த்து நிற்பார்கள், இரும்புக் குண்டை எறிவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், சண்டை போடுவார்கள், நடந்தே வீட்டுக்குப் போவார்கள். ஒருவருக்கும் கண் கட்டுவதில்லை. ராணுவத்தில் அவ்வளவு காலம் இருந்தும் உடற்பயிற்சி என்றால் என்ன என்று தெரியாமலே போய்விட்டது. ஒரே ஒரு வாரம் உங்கள் பேட்ச்சுக்கு அனுப்பினால் அந்தக் குறை தீரும்; பிரான்ஸ் அரசுக்குப் பென்ஷன் செலவும் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் சமத்துவ மனப்பான்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்திய பிறகு வருகிற கிறுகிறுப்பும், ஓடிக்கொண்டிருக்கும்போதே வருகிற மயக்கமும் வேறு வேறு என்று இதய மருத்துவர்கள் பிரித்துப் பேசுவார்கள். முதலாவது பெரும்பாலும் காலில் தங்கிய ரத்தம், தண்ணீர், சாப்பாடு என்கிற கணக்கில் தீர்ந்துவிடும். இரண்டாவது அப்படியல்ல. முழு வேகத்தில் இருக்கும்போதே ஆள் சுருண்டு விழுந்தால், கூடவே நெஞ்சில் அழுத்தமோ தாறுமாறான துடிப்போ இருந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், இதயத் தசை தடித்திருக்கிறதா, வால்வு சுருங்கியிருக்கிறதா, துடிப்பு தடம் புரள்கிறதா என்று ஈசிஜியும் எக்கோவும் பார்க்காமல் அவனை ஒரு தண்டால்கூட எடுக்க விடமாட்டார்கள். உங்களுக்கு எல்லா மயக்கமும் ஒன்றே. எழுந்தால் அடுத்த செட்.

2021 அக்டோபர் 29. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார், 46 வயது, காலையில் உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனார். அன்றே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடுத்த சில நாள் பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளக் கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 10-ல் நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவாஸ்தவா டெல்லி ஜிம் ஒன்றில் டிரெட்மில்லில் ஓடும்போது சரிந்தார். செப்டம்பர் 21-ல் இறந்தார். இரண்டு பேருடைய இதயத்திலும் என்ன கோளாறு இருந்தது என்பது அவர்களுடைய மருத்துவர்களுக்குத் தெரியும். பயிற்சியே கொன்றது என்று சொல்கிறவர்கள் அவசரக்காரர்கள். ஒழுங்காக நடப்பதும் ஓடுவதும் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் உடம்பு ஒரு சேதி சொல்லும்போது காது கொடுக்கலாமா வேண்டாமா என்கிற கேள்வி பெங்களூரில் எழுந்தது. உங்களிடம் எழவில்லை. புனீத்துக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்து மாலை போட்டீர்கள், மெழுகுவத்தி ஏற்றினீர்கள், ஒரு நிமிஷம் மௌனம். அது முடிந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, "இன்னிக்கு அண்ணன் நினைவா நூறு பஸ்கி எக்ஸ்ட்ரா." இதைவிட உருக்கமான அஞ்சலியைக் கர்நாடகாவில்கூட யாரும் செலுத்தியிருக்க மாட்டார்கள்.

போன மாதம் உங்கள் சேர்க்கைப் படிவத்தைத் தமிழில் அச்சடிக்க வேண்டும், பிழை பார்த்துக் கொடுங்கள் என்று என்னிடம் நீட்டினீர்கள். என்னை நம்பியதற்கு நன்றி. அருமையான படிவம். பெயர், வாட்ஸப் எண், டீ ஷர்ட் சைஸ், ஆறு மாதக் கட்டணமா வருஷக் கட்டணமா, பணமா ஜிபேயா என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறீர்கள். இதயக் கோளாறு உண்டா, என்ன மாத்திரை, முன்னால் மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்டு முதல் நாளே பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை. இடம் மிச்சமிருந்ததால் கடைசியில் 'இதர விவரங்கள்' என்று ஒரு கோடு போட்டிருந்தீர்கள். மாதிரிக்காக நீங்கள் கொடுத்த பழைய படிவத்தில் அந்தக் கோட்டின் மேல் யாரோ ஒரு பையன், 'ஸ்கூல்ல ஓடும்போது ரெண்டு வாட்டி மயக்கம் வந்துச்சு' என்று நீல மையில் எழுதியிருந்தான். பக்கத்திலேயே உங்கள் சிவப்பு மை: 'பார்த்தேன். காலை பேட்ச். ஃபீஸ் முழுசும் வந்தாச்சு.'